ஒன்பது செம்புக் காசுகள்: விற்பதா, மாற்றுவதா?

போன ஆடி மாசம் ராமநாதபுரத்தில் இருந்து அக்கா போன் செய்தாள். பெரியப்பா மகள். "தம்பி, அப்பாவோட மூக்குப்பொடி டப்பா ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. உள்ள ஒம்போது செப்புக்காசு இருக்கு. ஒருத்தர் கேக்குறாரு. வித்துடலாமா?"

நான் படித்தது பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. பழங்காசு என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும்தான். ஆனால் சொந்தத்தில் வேறு யாருக்கும் இந்தக் கிறுக்கு இல்லாததால், இப்படிப்பட்ட போன் எல்லாம் என்னிடம்தான் வரும். "படம் அனுப்புக்கா. அதுவரைக்கும் எதையும் தேய்க்காத" என்றேன்.

கொஞ்சம் லேட். ஒன்றை ஏற்கெனவே பெரியம்மா, பல வருஷத்துக்கு முன்னாலேயே, ஆயுத பூஜைக்கு வைக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். பளபள என்று இருக்கிறது. எழுத்து பாதி போய்விட்டது.

மற்ற எட்டும் பச்சைக் களிம்போடு அப்படியே இருந்தன. அந்த எட்டும் தனித்தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் மடிக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில் ஊர்ப்பெயர், வாங்கிய வருஷம், கொடுத்த விலை. பெரியப்பா மண்டபத்தில் ரயில்வேயில் இருந்தவர். அந்தப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் உருக்குவதற்காகப் பழைய செம்பை எடைக்கு வாங்கிப் போட்டிருப்பார்கள். அந்தக் குவியலில் கைவிட்டுப் பொறுக்கிய காசுகள் இவை.

விற்கலாமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால், இவை என்ன காசுகள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான்கு ராஜராஜன்

முதல் நான்கும் ராஜராஜ சோழன் (985–1014) பெயரில் வந்த செம்புக்காசுகள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், கையில் பூ. மறு பக்கம் உட்கார்ந்த உருவம், அதன் பக்கத்தில் மூன்று வரியாக நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. எடை ஒவ்வொன்றும் சுமார் 4 கிராம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பவை. அதனால் பெரிய விலை இல்லை, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். 'ராஜராஜன் காசு கோடிக்குப் போகும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

இந்த அச்சு சோழர்களுடைய சொந்த யோசனை இல்லை என்பதுதான் சுவாரசியம். சோழர் சின்னம் புலி. புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் சேர்ந்து வரும் சோழர் காசுகள் தனியாக உண்டு. நிற்பவர்–உட்கார்ந்தவர் அச்சோ, அதற்கு முன்பே அனுராதபுர அரசர்களின் 'கஹவணு' என்ற தங்கக்காசில் இருந்தது. அதில் 'ஸ்ரீ லங்காவிபு' என்று இதே நாகரியில் எழுதியிருக்கும். சோழர் கல்வெட்டுகளில் 10-ஆம் நூற்றாண்டிலேயே 'ஈழக்காசு' என்ற பெயர் வருகிறது. ஈழத்துக் காசு இங்கே மக்கள் கைக்குப் பழகியிருந்தது என்று அர்த்தம்.

ராஜராஜன் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தார். அது 'மும்முடிச் சோழ மண்டலம்' ஆனது. பொலன்னறுவை 'ஜனநாதமங்கலம்' ஆனது, மாதோட்டம் 'ராஜராஜபுரம்' ஆனது. ஊர்ப்பெயரை எல்லாம் மாற்றியவர்கள் காசை மட்டும் அங்கே இருந்த மாதிரியே வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றினார்கள். பெரும்பாலான நாணய ஆய்வாளர்களின் கருத்து இதுதான்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தை யாரும் முழுசாக மாற்ற மாட்டார்கள். ஒரே ஒரு வேரியபிளை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

சோழர் போனார்கள், காசு போகவில்லை

1017 வாக்கில் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, முழு இலங்கையும் சோழர் கைக்கு வந்தது. 1070-ல் முதலாம் விஜயபாகு சோழர்களைப் பொலன்னறுவையில் இருந்து வெளியேற்றினார். எதிரியைத் துரத்தியவர்கள் எதிரியின் காசையும் துரத்தியிருக்க வேண்டும் இல்லையா? அப்படி நடக்கவில்லை.

டப்பாவின் ஐந்தாவது, ஆறாவது காசுகள் முதலாம் பராக்கிரமபாகுவுடையவை (1153–1186). நின்ற உருவம், உட்கார்ந்த உருவம், நாகரி எழுத்து எல்லாம் அப்படியே. பெயர் மட்டும் 'ஸ்ரீ பராக்கிரமபாகு'. ராஜராஜன் காசையும் இதையும் பக்கத்தில் வைத்தால், எழுத்துத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். நூற்றைம்பது வருஷம், இரண்டு எதிர் அரசுகள், ஒரே அச்சு.

ஏழாவது லீலாவதி. பராக்கிரமபாகுவின் அரசி. தளபதிகளின் தயவில் மூன்று முறை அரியணை ஏறி, மூன்று முறையும் இறக்கப்பட்டவர்: 1197–1200, 1209–1210, 1211–1212. கடைசியாக இறக்கியவர் ஒரு பாண்டியர், பெயர் பராக்கிரம பாண்டியன். லீலாவதி காசில் இருக்கும் வாசகம் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. ராணி என்று இல்லை, ராஜ. எங்கள் காசில் பார்த்தவரைக்கும் பெண் அரசாள்கிறார் என்பதற்காக உருவத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நிற்பவர் அதே வேட்டிக்காரர்தான். 'ஸ்ரீ ராஜ' வரைக்கும் ராஜராஜன் காசும் லீலாவதி காசும் ஒன்று. அதற்குப் பின்னால்தான் ஆள் மாறுகிறது.

எட்டாவது, 1200-ல் அவரை முதல் முறை இறக்கிய சாகசமல்லனுடையது. அவரும் அதே அச்சு.

ஒன்பதாவதுதான் எனக்குப் பிடித்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக்காசு. நிற்கும் உருவம் தொடர்கிறது. ஆனால் உட்கார்ந்தவர் இருந்த இடத்தில் நந்தி வந்து உட்கார்ந்துவிட்டது. கீழே 'சேது' என்று தமிழில் எழுதியிருக்கிறது. இந்த டப்பாவைப் பொறுத்தவரை, தமிழ் மன்னன் பெயரோடு நாகரியில் தொடங்கிய வரிசை கடைசிக் காசில்தான் தமிழ் எழுத்துக்கு வருகிறது.

வந்த மூன்று வழிகள்

இனி அக்காவின் பிரச்சினைக்கு வருகிறேன். சமையல்கட்டுக் கூரை ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் சரிசெய்தாக வேண்டும். மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, ராமநாதபுரத்தில் கேட்டவர். மொத்தமாக 9,000 ரூபாய்.

இரண்டாவது, எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர், சென்னைக்காரர். லீலாவதியையும் ஒரு பராக்கிரமபாகுவையும் கொடுத்தால் இரண்டு வீரராயன் பணம் தருகிறேன் என்றார். கேரளத்தில் புழங்கிய குட்டித் தங்கக்காசு அது. ஒன்று அரை கிராம்கூட வராது, விரல்நுனி ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அக்காவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. "தங்கம்னா அவசரத்துக்கு அடகு வைக்கலாம். செம்ப எவன்டா அடகு பிடிப்பான்?" பதில் சொல்ல முடியாத கேள்வி.

மூன்றாவது, டொராண்டோவில் இருக்கும் தூரத்து உறவினர். சேதுக்காசுக்கும் லீலாவதிக்கும் எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னார். "தபால்ல போட்டு விடுங்கோ" என்றார். இதை நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேல் பழைய காசும் தொல்பொருள்தான். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கவரில் ஒரே ஒரு காசு என்றாலும் குற்றம் குற்றம்தான். உறவினருக்கு வருத்தம். எனக்கும்தான்.

மிச்சம் இரண்டு வழி. முடிவு அக்காவுடையது. காசு அவளுடையது, கூரையும் அவளுடையது. மாசச் சம்பளம் வாங்கிக்கொண்டு சென்னையில் உட்கார்ந்து 'வரலாற்றை விற்காதே' என்று சொல்வது சுலபம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாம்பன் என்று எழுதிய காகிதம்

அப்போதுதான் பராக்கிரமபாகு காசுகள் மடித்திருந்த காகிதங்களை உற்றுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஊர்: பாம்பன்.

1170-ஐ ஒட்டிய வருஷங்களில் மதுரை அரியணைக்குப் பாண்டியருக்குள்ளேயே சண்டை. ஒரு தரப்புக்கு உதவ பராக்கிரமபாகு தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பினார். சூளவம்சம் இதை விரிவாகச் சொல்கிறது. ராமேஸ்வரத்தைப் பிடித்தபின் குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குப் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்தார்களாம். விவேகானந்தர் 1897-ல் வந்து இறங்கிய, இன்று அவருக்கு நினைவிடம் இருக்கிற அதே பாம்பன் தீவுக் குந்துகால்தான். பிடித்த நாட்டில் பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசு புழங்க வேண்டும் என்று லங்காபுரன் ஏற்பாடு செய்ததாகவும் அதே நூல் சொல்கிறது.

சூளவம்சம் அவர்கள் பக்கத்துக் கதை. முடிவு என்ன ஆனது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. அங்கே லங்காபுரன் வெற்றியோடு ஊர் திரும்புகிறார். இங்கே சோழர் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில், அவர் தலை மதுரைக் கோட்டை வாசலில் அறையப்பட்டது. இரண்டு தரப்பும் எழுதியவை நம்மிடம் இருக்கின்றன. எழுதாத சாட்சி என்றால் இந்த மாதிரிக் காசுகள்தான்.

கவனமாகச் சொல்கிறேன். பாம்பனில் கிடைத்த இரண்டு காசுகளை வைத்து லங்காபுரன் உத்தரவை நிரூபிக்க முடியாது. கடல் கடந்து வியாபாரம் நடந்த இடம், காசு எப்படியும் வந்திருக்கலாம். பெரியப்பா எழுதியதும் கடைக்காரர் சொன்ன ஊராகத்தான் இருக்கும். ஆனால் 'பாம்பன்' என்ற சொல் பக்கத்தில் இருக்கும்வரைதான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும். காகிதம் போனால் அது எங்கேயும் கிடைக்கிற ஒரு பராக்கிரமபாகு காசு, அவ்வளவுதான்.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளே சென்னைக்காரருக்குப் போன் போட்டு, "அப்பா எழுதின சீட்டும் வேணும்ல உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "காசு மட்டும் போதும்மா, பேப்பர் எல்லாம் வேண்டாம்" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேண்டியது அரசர் வரிசையில் ஒரு காலி இடத்தை நிரப்புவது. அதற்கு ஊர் தேவையில்லை.

அக்கா எனக்குப் போன் செய்து சொன்னாள்: "சீட்டு வேண்டாம்னு சொல்றவருக்குக் காச எதுக்குடா குடுக்கணும்?"

கடைசியில் செய்தது

பெரியம்மா புளி போட்டுத் தேய்த்த ராஜராஜன் ஒன்று. அதற்குச் சீட்டும் இல்லை. கூடவே சீட்டில் ஊர் அழிந்து படிக்க முடியாமல் போன இன்னொரு ராஜராஜன். இந்த இரண்டையும் ராமநாதபுரத்துக்காரரிடம் அக்கா விற்றாள். கிடைத்தது 700 ரூபாய். கூரைக்கு அது ஒரு மூலைக்கும் போதாது. மிச்சத்துக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். நான் பணம் தருகிறேன் என்று சொன்னதற்கு, "கடன்னா வாங்கிக்கிறேன், காசுக்கு விலையா வேண்டாம்" என்றாள். அப்படியே ஒரு பகுதி கொடுத்தேன். ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றியாகிவிட்டது.

ஏழு காசு மிச்சம். ஏழும் ஏழு சீட்டோடு. அந்த இரண்டு ராஜராஜனை விற்றது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. ராஜராஜன் காசுகள் ஒரே அச்சில் அடித்தவை கிடையாது. போகப்போக உருவம் தேய்ந்து வெறும் கோடாகிவிடும். 'ரெட்டைப் பிரதி' என்று நாம் நினைப்பது உண்மையில் ரெட்டை இல்லை. விற்பதற்கு முன்னால் இரண்டையும் எடைபோட்டு, இரு பக்கமும் படம் எடுத்து வைத்தேன் என்பதுதான் ஆறுதல்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். விற்பதும் மாற்றுவதும் உங்கள் இஷ்டம், உங்கள் தேவை. அதற்கு முன்னால் நான்கு காரியம் செய்துவிடுங்கள். புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் காசில் படக் கூடாது. ஒவ்வொன்றையும் எடை போட்டு, இரு பக்கமும் படம் எடுங்கள். எங்கே கிடைத்தது, யார் வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே எழுதிவையுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை மறைத்து விற்கக் கூடாது.

டப்பா இப்போது அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. லீலாவதி சீட்டின் பின்பக்கம் அக்கா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'இது ராணி காசு. தேய்க்கக் கூடாது.'