நாய்க்குட்டியின் பற்கள் கூறும் வரலாறு

வேட்டையில் துணை, வீட்டுக்குக் காவல் - மனிதன் நாயைத் தன்னோடு வைத்துக்கொண்டதற்கு நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள் இவையே. பாசம் என்பது பிற்காலத்தில், வயிறாரச் சோறு கிடைத்த பிறகு வந்தது என்றும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா? ஜெர்மனி நாட்டுப் புதைகுழி ஒன்று இதற்கு விடை கூறுகிறது.

1914-ஆம் ஆண்டு பான் நகரை அடுத்த ஓபர்காசலில், கற்சுரங்கத் தொழிலாளர்கள் சில மனித எலும்புகளைக் கண்டனர். அவை 40 வயதை ஒட்டிய ஓர் ஆணுக்கும், 25 வயதை ஒட்டிய ஒரு பெண்ணுக்கும் உரியவை. அவர்களைப் புதைத்தவர்கள் சிவப்புக் காவிப் பொடி தூவி, மேலே பாறைக் கற்களை அடுக்கியிருந்தனர். அவர்கள் வாழ்ந்தது சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன்பு. அன்று மனிதன் உழவை அறியான்; ஆடு மாடுகளையும் பழக்கியிருக்கவில்லை.

அக்குழியில் ஒரு விலங்கின் தாடையும் இருந்தது. ஓநாயின் தாடை என்று கருதப்பட்டு, அது பல்லாண்டுகள் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1970-களின் இறுதியில் மீண்டும் ஆராய்ந்தபோதுதான் அது வீட்டு நாயினுடையது எனத் தெரியவந்தது.

2018-இல் லுக் ஜான்சன்ஸ் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்த நாயின் பற்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பல்லின் மேற்பூச்சான எனாமல் குட்டிப் பருவத்தில் படிப்படியாக உருவாகிறது. கடும் நோய் தாக்கினால் அவ்வளர்ச்சி தடைப்படும்; அந்தத் தழும்பு பின்னர் மறைவதில்லை. ஆகவே நோய் எந்த வயதில் வந்தது என்பதையும் பல்லைக் கொண்டே கணக்கிடலாம். இக்குட்டி ஏறக்குறைய 19-ஆம் வாரத்தில் நோயுற்றது. பலமுறை நோய் கடுமையாகியும் பிழைத்தது. 28-ஆம் வார அளவில் இறந்தது. அந்நோய் 'டிஸ்டெம்பர்' என்பது அவர்கள் முடிவு.

டிஸ்டெம்பர் ஒரு வைரஸ் நோய். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வலிப்பு ஆகியவை அடுத்தடுத்து வரும். இன்று இதற்குத் தடுப்பூசி உண்டு. அன்று எந்த மருந்தும் இல்லை. குட்டிக்கு நீர் புகட்டி, உணவூட்டி, குளிர் தாக்காமல் காத்து, கழிவை அகற்றி யாரோ வாரக் கணக்கில் பேணியிராவிட்டால் அது மூன்று வாரங்களுக்குள் மடிந்திருக்கும் என்கின்றனர் ஆய்வாளர்கள்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். நோயுற்ற குட்டி வேட்டையாடாது; காவலும் காக்காது. நாடோடிகளாகத் திரிந்த மக்களுக்கு அதனால் சுமையே மிஞ்சும். ஆயினும் அதனைக் கைவிடவில்லை. இறந்தபின் மனிதரோடு ஒரே குழியில் இடம் தந்தனர்.

நாயை மனிதன் முதன்முதலில் எவ்வாறு பழக்கினான் என்பதை இக்குழி கூறாது. அது இதற்கும் முற்பட்ட கதை. ஆனால், பயனைக் கணக்கிடாத பாசம் வீடும் வயலும் தோன்றுவதற்கு முன்பே தோன்றிவிட்டது என்பதற்கு அந்தச் சிறு பற்கள் சான்றாக நிற்கின்றன.