கத்திக்கு முந்திய பொழுது

நெஞ்செலும்பை ரம்பத்தால் நெடுக்கப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, வேலை முடிந்ததும் எலும்பைக் கம்பியால் கட்டித் தைக்கிறார்கள். 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் எந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய பிறகு வளர்ந்த வைத்தியம் இது. கட்டிய எலும்புக்குப் பின்னால் சீழ் பிடித்துவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். சீழுக்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் நோயாளியின் தோலிலும் மூக்கிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். 'தூய உடல் / வெளியிலிருந்து வரும் எதிரி' என்கிற எதிர்வு இங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

சரி, முன்கூட்டியே ஆண்டிபயாடிக் கொடுக்கலாம். எப்போது? 1961இல் ஜான் பர்க் கினிப்பன்றிகளின் தோலில் இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். (கினிப்பன்றிகளின் வரலாற்றை யார் எழுதப்போகிறார்கள்?) கிருமி நுழையும்போதே மருந்து திசுவில் இருந்தால் புண் அடங்கியது, மூன்று மணி நேரம் பிந்தினால் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். 1992இல் கிளாசனும் சகாக்களும் பலவகை அறுவைகளுக்கு உள்ளான 2,847 பேரைக் கணக்கெடுத்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்கே புண்ணில் தொற்று. அதற்கும் வெகு முன்னாலேயே பெற்றவர்களில் 3.8, அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பெற்றவர்களில் 3.3. ஆக, வேலை செய்தது மருந்து மட்டுமல்ல, பொழுதும்தான்.

ஆனால் பயத்துக்குப் பொழுது தெரியாது. 'நெஞ்சுல குழாய் இருக்கிற வரைக்கும் மருந்தும் ஓடட்டுமே' என்று நாள்கணக்கில் நீட்டினார்கள். 2000இல் ஹார்பார்த்தும் சகாக்களும் 2,641 பைபாஸ் நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டதில், 48 மணி நேரத்தைத் தாண்டி மருந்து பெற்றவர்களுக்குத் தொற்று குறைந்திருக்கவில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் கூடியிருந்தன. 2006இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் சங்கம் 48 மணி நேரத்துக்கு மேல் வேண்டாமென்றது.

இங்கேதான் அதிகாரம் பற்றிய கேள்வி. புண் சீழ்பிடித்தால் 'மருந்த ஏன் நிறுத்துனீங்க?' என்று கேட்க ஆள் உண்டு. பக்கத்துப் படுக்கைக்கு அடுத்த மாதம் வருகிறவருக்கு மசியாத கிருமி ஒட்டினால், 'ஏன் நிறுத்தல?' என்று யாரும் கேட்பதில்லை. அவர் இந்த நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே இல்லை. தடுப்பு மருந்து காப்பாற்றுவது நோயாளியையா, மருத்துவரையா? மருத்துவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நீட்டிப்பவரைத் தண்டிக்காமல் நிறுத்துபவரை மட்டும் தண்டிக்கிற ஏற்பாடு அது.

இத்தனைக்கும் கூடுதல் மருந்து உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. அறுவை நாலு மணி நேரத்தைத் தாண்டினால் மேசையிலேயே செஃபசோலினை இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். எந்திரத்தின் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்துவிட்டிருக்கும். நெஞ்சு இன்னும் திறந்துதான் கிடக்கும்.