இடுகுறியாய் வந்து காரணமான பெயர்

காரணப்பெயர்கள் நாளடைவில் காரணம் மங்கி இடுகுறி போலத் தேய்ந்துபோவதை நாம் மிகுதியும் கண்டிருக்கிறோம். இடுகுறியாக வந்த ஒரு பெயர், அதைத் தாங்கியவரின் வாழ்நாளுக்குள்ளேயே காரணப்பெயராக முதிர்வது அரிது. அப்படி எதிர்த்திசையில் நடந்த பெயர் ஒன்றை, சொற்சுவை அறிந்த உங்களோடு அமர்ந்து அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். கிளியோ லேன் என்பது அப்பெயர். இங்கிலாந்தின் ஜாஸ் பாடகியாகவும் நாடக அரங்கின் நடிகையாகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்கி, 2025 ஜூலை 24 அன்று தம் 97ஆம் அகவையில் மறைந்த அம்மையார் அவர்.

1927 அக்டோபர் 28 அன்று, இலண்டனுக்கு மேற்கே மிடில்செக்ஸ் வட்டாரத்தில் பிறந்தபோது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கிளெமென்டினா டைனா. முதற்பெயரின் வேர் ‘கிளெமென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல். இரக்கமுள்ள நெஞ்சையும், வெயிலும் காற்றும் கடுமை காட்டாத வானிலையையும் அந்த ஒரே சொல் குறித்தது. தண்மையையும் அளியையும் சேர்த்துத் ‘தண்ணளி’ என்று சொல்லும் நமக்கு அந்த இணைப்பை விளக்க வேண்டியதில்லை. டைனா என்பதோ எபிரேயப் பெயர். தீர்ப்பைக் குறிக்கும் ‘தீன்’ என்னும் வேரிலிருந்து வந்தது. தமிழ் விவிலியத்தில் யாக்கோபின் மகள் தீனாள் என்று வருபவள் இவளே. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இப்பெயர் கறுப்பினப் பெண்களைப் பொதுவாகச் சுட்டும் பெயராகவே வழங்கிற்று. 1925இல் எதெல் வாட்டர்ஸ் ‘டைனா’ என்ற பாட்டைப் பாடிப் பரப்பினார். அவரும் ஜாஸ் பாடகி, அவரும் நாடக நடிகை. ஆக, நம் குழந்தையின் இரண்டாம் பெயரில் ஜாஸ் மணம் முன்பே ஏறியிருந்தது.

தந்தை அலெக்சாண்டர் கேம்பல் ஜமைக்காவிலிருந்து வந்தவர்; கட்டட வேலை செய்தவர்; தெருவில் பாடியும் காசு சேர்த்தவர். கேம்பல் என்பது ஸ்காட்லாந்துக் குடிப்பெயர். ‘கம்’ என்றால் கோணல், ‘பியல்’ என்றால் வாய் என்று கேலிக் மொழி பிரிக்கும். கோணல்வாயன் என்று யாரோ ஒரு மூதாதைக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் குலப்பெயராக நிலைத்துவிட்டது. அதை நாணியோ அறியாமலோ, பழைய எழுத்தர் சிலர் ‘அழகிய வயல்’ என்று பொருள்படும் ‘காம்போ பெல்லோ’ என்னும் இலத்தீன் வடிவத்தை ஏட்டில் ஏற்றினார்கள். இந்தக் குளிர்நாட்டுப் பெயர் ஜமைக்காவின் வெயிலுக்குப் போனது ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளிகளோடு. அங்கே அடிமைப்பட்டவர்களின் வழியினரிடமும் அது தங்கிப் பெருகிற்று. கோணல்வாய் என்னும் பெயர்வழியில், பாடவென்றே அமைந்த ஒரு வாய் பிறந்த நகைமுரணை மொழி நமக்காகவே வைத்திருந்தது போலும்.

ஆனால் அந்தப் பெயரும் அவருக்கு ஏட்டளவில் உரியதாக இல்லை. 1953இல் ஜெர்மனிப் பயணத்துக்காகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான், பிறப்புப் பதிவேட்டில் தம் பெயர் ஹிச்சிங் என்று இருப்பதை அவர் அறிந்தார். மகள் பிறந்தபோது பெற்றோருக்கு முறைப்படி மணமாகியிருக்கவில்லை. தாய் மின்னி தம் குடிப்பெயரிலேயே பதிந்திருந்தார். இதற்கிடையில் 1946இல் ஜார்ஜ் லாங்ரிட்ஜ் என்பவரை மணந்ததால் லாங்ரிட்ஜ் என்ற பெயரும் வந்து சேர்ந்திருந்தது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, முடிதிருத்தகத்திலும், தொப்பிகளுக்கு அணிவேலை செய்யும் இடத்திலும், நூலகத்திலும், அடகுக்கடையிலும் உழைத்த அந்தப் பெண்ணிடம் பெயர்கள் இத்தனை இருந்தும், மேடைக்கென்று ஒன்று இல்லை.

1951இல் ஜானி டாங்க்வொர்த்தின் இசைக்குழு அவரைப் பாடகியாகச் சேர்த்துக்கொண்டது. கிளெமென்டினா லாங்ரிட்ஜ் என்பது விளம்பரத் தட்டிக்கு நீளம். கிளெம் என்று சுருக்கினாலோ மாடு மேய்க்கும் அமெரிக்க வீரனின் பெயர் போல ஒலித்தது. முடிவில் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியிலிட்டு எடுத்தார்கள் என்றும், கிளியோ ஒரு சீட்டிலும் லேன் ஒரு சீட்டிலும் வந்தன என்றும் சொல்வார்கள். இதைவிடத் தூய இடுகுறி இருக்க முடியுமா?

இனித்தான் சுவை. கிளியோ என்பது கிளியோபாட்ராவின் முற்பகுதி. அதில் நிற்பது ‘கிளெயோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்; அதன் பொருள் புகழ். கிளியோபாட்ரா தந்தையின் புகழ். ஹெராக்ளிஸ் ஹேரா என்னும் தெய்வத்தின் புகழ். வரலாற்றுக்குரிய கலைத்தெய்வமான கிளையோவும் இதே வேரில் முளைத்தவள். இன்னும் ஒரு படி இறங்கினால், புகழுக்கும் அடியில் ‘கேட்டல்’ என்னும் பொருள் ஊற்றாக இருக்கிறது. பிறர் செவியில் விழுவதே கிளெயோஸ். உரத்த ஒலியைக் குறிக்கும் ஆங்கில ‘லவுட்’ இதன் உறவு. வடமொழியின் ‘ச்ரு’ என்னும் வினையும் உறவு. அவ்வினையிலிருந்து பிறந்து தமிழில் வந்து தங்கிய ‘சுருதி’ இக்குடும்பத்தில் நமக்கு மிக அருகில் வாழும் உறுப்பினர். பாடகி ஒருத்தியின் பெயரும், பாடகர் பாடத் தொடங்குமுன் நாடுகிற சுருதியும் ஒரே வேரில் நின்று தலையாட்டுகின்றன!

இந்த இடத்தில் நம் ‘கேள்’ நினைவுக்கு வந்து கையைப் பிடித்து இழுக்கும். கேள், கிளெயோஸ் என்று அடுத்தடுத்துச் சொன்னால் காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ஒலி ஒப்புமையை உறவென்று கொள்வது சொல்லாராய்ச்சிக்கு அழகன்று. உறவு இல்லாவிட்டாலும் உள்ளம் ஒத்திருக்கிறது என்பதற்கு நம்மிடம் வேறொரு சான்று உண்டு; அது ‘இசை’. ஒலியைக் குறிக்கும் அச்சொல் பாட்டையும் குறிக்கிறது, புகழையும் குறிக்கிறது. வள்ளுவர் புகழைப் பேசும் அதிகாரத்தில் இசை என்பது புகழேயன்றிப் பண் அன்று. கிரேக்கர் கேட்பவரின் செவிப்புறத்திலிருந்து புகழுக்குப் போனார்கள். தமிழர் ஒலிக்கும் பொருளின் பக்கத்திலிருந்து அதே புகழுக்குப் போனார்கள். கூடவே, பொருந்துதல், உடன்படுதல் என்னும் பொருளையும் ‘இசைதல்’ வைத்திருக்கிறது. கிளியோ என்ற பெயர் அந்தக் குரலுக்கு இசைந்தது என்று நான் எழுதினால், மூன்று பொருளும் ஒருசேர நிற்கும்.

லேன் என்ற பின்பகுதி இத்தனை ஆழம் தராது. ஒலியளவில் அது ஆங்கிலத்தில் சந்து; எழுத்தளவில் பிரெஞ்சில் கம்பளி; அதே எழுத்துகள் ஃபின்லாந்து மொழியில் அலை. குழுவினர் இவற்றுள் எதையும் கருதியதாகத் தெரியவில்லை. நான்கு மண்டிலம் தழுவியதென்று போற்றப்பட்ட குரலுக்கு, அலை என்னும் பொருளை நாமாக ஏற்றிக்கொள்ளலாம். மெலிவு, சமன், வலிவு என்று மூன்றே வகுத்த நாம், அதற்கும் மேலே ஒன்றைத் தொட்ட அலைக்கு இடம் தராமல் இருப்போமா?

மேடை அவருக்கு மேலும் பெயர்களைக் கொடுத்தது. 1958இல் டாங்க்வொர்த்தை மணந்த அதே ஆண்டு, இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில், ஜமைக்காவைக் களமாகக் கொண்ட ‘ஃபிளெஷ் டு எ டைகர்’ நாடகத்தில் தலைமை வேடம் ஏற்றார். அடுத்த ஆண்டு ‘வால்மத்’ இசைநாடகத்தில் அவர் தாங்கிய வேடத்தின் பெயர் திருமதி யாக்ஞவல்கியா. உபநிடத முனிவரின் பெயர் ஆங்கில நையாண்டி நாடகத்துக்குள் ஒரு பெண்ணின் பெயராக நுழைந்த விந்தையைச் சொல்லன்பர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். 1961இல் எடின்பரோ விழாவில் கர்ட் வைலின் ‘ஏழு கொடும்பாவங்கள்’. 1970இல் இப்சனின் ஹெட்டா கேப்ளர். 1971இல் இலண்டன் அடெல்ஃபி அரங்கில் 910 காட்சிகள் ஓடிய ‘ஷோ போட்’. அந்நாடகத்தில் அவர் ஏற்ற ஜூலி, கலப்பினப் பிறப்பு வெளிப்பட்டதால் கப்பலைவிட்டு நீங்க நேர்பவள். ‘எட்வின் ட்ரூட்’ இசைநாடகத்தில் இளவரசி பஃபராக வந்து, பிராட்வேயில் டோனி விருதுக்கு முன்மொழியப்பட்டார். 1986இல், கார்னகி மன்றக் கச்சேரிப் பதிவுக்காக ஜாஸ் பாடலுக்கான கிராமி விருதையும் பெற்றார்.

இத்தனை பெயர்களில் பேசியவர், பெயரும் பொருளும் அற்ற ஒலியிலும் வல்லவர். ‘ஸ்கேட்’ என்பது ஜாஸில் சொற்களை உதறிவிட்டு அசைகளாலேயே பாடும் முறை. டாங்க்வொர்த்தின் சாக்ஸஃபோனோடு அவர் குரல் அவ்வாறு சுரத்துக்குச் சுரம் இழைந்து ஓடும். தொல்காப்பியர் இடைச்சொற்களுக்குள் ‘இசைநிறை’ என்று ஒரு வகை வைத்தாரே, அவ்வகையே ஒரு முழுப்பாட்டாக எழுந்து நின்றால் அது ஸ்கேட்.

1997இல் அவருக்கு ‘டேம்’ பட்டம் கிடைத்தது. இலத்தீனில் வீட்டைக் குறிக்கும் ‘தோமுஸ்’, அதன் தலைவியைக் குறிக்கும் ‘தோமினா’, அது பிரெஞ்சில் தேய்ந்து ‘டேம்’. இல்லிலிருந்து இல்லாளும் மனையிலிருந்து மனைவியும் வந்த வழியே அதுவும் வந்தது. 2006இல் கணவர் சர் பட்டம் பெற்றபோது டாங்க்வொர்த் சீமாட்டி என்னும் பெயரும் வந்தது. தானே ஈட்டிய பட்டம் முன்னமே இருந்ததால் அது மிகையாயிற்று. இல்லத்தலைவி என்னும் பொருள் அவருக்கு உவமையாக அன்று, உண்மையாகவே பொருந்தும்: வேவண்டன் என்னும் ஊரில் தங்கள் வீட்டை ஒட்டியிருந்த பழைய குதிரை லாயத்தைக் கணவரும் மனைவியும் 1970இல் இசையரங்காக்கி, ‘ஸ்டேபிள்ஸ்’ என்ற பெயரையே அதற்கு விட்டுவைத்தார்கள். நெடில் ஒன்று குறிலாக, லாயம் லயமாயிற்று.

1994இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்கு அவர் சூட்டிய பெயர் ‘கிளியோ’. கிளெமென்டினாவும் டைனாவும் கேம்பலும் ஹிச்சிங்கும் லாங்ரிட்ஜும் அட்டையில் இடம் கேட்கவில்லை. இட்டவர் எவரும் நினையாத பொருளை, கேட்கப்பட்டுக் கேட்கப்பட்டே அவர் அப்பெயருக்கு ஈட்டித் தந்திருந்தார். இலக்கணம் கற்பிப்போர் இனிக் காரணப்பெயருக்குக் கடல்கடந்த எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமானால், இதைத் தயங்காமல் சொல்லலாம்.