லீவுக்கு கோவளம் போறீங்களா? அலைச்சறுக்கு பழகும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

மேலநீலிதநல்லூர்:
சங்கரன்கோவில் பக்கத்து மக்களுக்கு கடல் என்றால் திருச்செந்தூர்தான். ஒரு முழுக்கு போட்டு சாமி கும்பிடுவதோடு சரி. கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கும் கடல் தண்ணி காட்டிவிடும்.

இப்போது லீவுக்கு சென்னை போகும் இளைஞர்களுக்கு கோவளத்தில் 'சர்பிங்' எனப்படும் அலைச்சறுக்கு மீது ஆசை வந்துள்ளது. அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் அங்கு பயிற்சி பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

முதல் பாடம் தண்ணீரில் இல்லை, மணலில்தான். பலகையில் குப்புற படுத்து, நெஞ்சருகே கை ஊன்றி, சட்டென எழ வேண்டும். முழங்கால் மடங்கி இருக்கணும். பார்வை கரையை நோக்கி இருக்கணும். காலை பார்த்தால் விழுந்துடுவீங்க.

அடுத்து இடுப்பளவு தண்ணீர். பயிற்சியாளர் அலை வரும்போது பலகையை தள்ளி விடுவார். கணுக்காலில் கட்டும் கயிறு பலகை ஓடிவிடாமல் காக்கும். விழும்போது தலைகீழாக பாயாதீங்க. மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கோங்க.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் பதறி எதிர்நீச்சல் போடக்கூடாது. பலகையை விடாமல், கரைக்கு இணையாக பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்ததும் கரைக்கு திரும்பணும். கையை தூக்கி உதவி கேளுங்க.

மீனவர்களே கடலுக்கு போகாத நாளில் நீங்களும் இறங்காதீங்க!