ராஜாவை எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

போன மாசம் அக்கா மகன் பெங்களூர்லேருந்து வந்திருந்தான். எந்நேரமும் காதுல ஹெட்ஃபோன். பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பலின்... அந்த வகையறா. தேனியில் பஸ் ஏறி சின்னமனூர் தாண்டும்போது திடீர்னு கேட்டான்: "மாமா, எந்த பேண்டா இருந்தாலும் எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கணும்னு ஒரு வரிசை சொல்லிடுறாங்க. இளையராஜாவுக்கு அப்படி ஏதும் இருக்கா? நம்ம ஊர்க்காரர்தானே?"

விசாரிச்சா, யாரோ ஒரு நண்பன் முந்நூறு பாட்டை மொத்தமா பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கான். இவன் பத்து பாட்டு கேட்டுட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுவும் மனசுல நிக்கலைன்னு விட்டுட்டான். தப்பு அவன் மேல இல்லை. 'தாரை தப்பட்டை' (2016) ஆயிரமாவது படம். ஆயிரம் படத்தை எங்க பிடிச்சு எங்க விடுறது?

முதல்ல ஒரு விஷயம். இவரும் ஒரு பேண்டிலிருந்து வந்தவர்தான். பாவலர் பிரதர்ஸ். பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள்: பாவலர் வரதராசன், பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யா பின்னால இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவுல, மலையடிவாரத்துல இருக்கிற ஊர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைதான் இவங்க கச்சேரி மேடை.

இதுல 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் கதையைச் சொல்லியே ஆகணும். 1957-ல் அங்க ஜெயிச்சது ரோசம்மா புன்னூஸ். எதிரில் நின்ன பி.கே. நாயரோட வேட்புமனுவைத் தள்ளுபடி பண்ணினது தப்புன்னு கோர்ட் அந்தத் தேர்தலையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கேரளாவில் இ.எம்.எஸ். அரசுக்கோ மெஜாரிட்டி நூலிழை. ஒவ்வொரு சீட்டும் உயிர் மாதிரி. மேல தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவங்களில் பெரும்பாலும் நம்ம தமிழ் சனம். அவங்ககிட்ட மலையாளத்துல பேசி என்ன ஆகும்? பள்ளத்தாக்கிலேருந்து பாவலர் மலையேறிப் போய் பாடினார். ரோசம்மா மறுபடியும் ஜெயிச்சாங்க. பாட்டு மட்டுமே ஜெயிக்க வச்சதுன்னு சொல்ல மாட்டேன், அது கொஞ்சம் ஓவர். ஆனா மைக் இருந்தாலும் இல்லாட்டியும் கூட்டத்தைப் பிடிச்சு உக்கார வைக்கிற மெட்டு எதுன்னு இந்த அண்ணன் தம்பிகளுக்கு சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பத்து செகண்டுல ஆளை இழுக்கிற அந்த முகப்பு இசையெல்லாம் சும்மா வந்ததில்லை.

1968-ல் மெட்ராஸ். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய சங்கீதம், கிடார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். 1976-ல் பஞ்சு அருணாசலம் தயவுல 'அன்னக்கிளி'. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, தாண்டிடுவோம்.

சரி, வரிசைக்கு வருவோம். 'அன்னக்கிளி'யில் ஆரம்பிக்காதீங்க! தேனி மாவட்டத்துக்காரன் இப்படிச் சொன்னா அடிக்க வருவாங்கன்னு தெரியும் :-) ஆனா அதோட அருமை தெரியணும்னா, 'ஆராதனா'வும் 'பாபி'யும் நம்ம டீக்கடை வரைக்கும் வந்து உக்காந்திருந்த காலம் தெரியணும். இருபத்திநாலு வயசுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்?

நான் சொன்ன முதல் படம் 'மூடுபனி' (1980). நூறாவது படம், பாலுமகேந்திரா இயக்கம். ஜேசுதாஸ் குரல்ல பிரதாப் போத்தன் கிடாரை வச்சுக்கிட்டுப் பாடுற பாட்டு ஒண்ணு இருக்கே, ராக் கேக்கிற காதுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. பாட்டோட நிறுத்தாம படத்தையும் பாருன்னேன். எங்க வாசிக்காம சும்மா விடுறாருன்னு கவனிக்கணும். அதே வருஷத்து 'ஜானி', 'நிழல்கள்' ரெண்டையும் கையோட கேட்டுடலாம். நூறு படம் முடிச்ச களைப்பு ஒரு இடத்துல தெரியுதான்னு பாருங்க.

அடுத்தது 1986. இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசுவேன். அந்த ஒரே வருஷத்துல ரெண்டு வேலை. ஒரு பக்கம் 'புன்னகை மன்னன்', கம்ப்யூட்டர் சீக்வென்சரை வச்சுப் பண்ணின இசை. இன்னொரு பக்கம் 'ஹவ் டு நேம் இட்', படமே இல்லாத தனி ஆல்பம், தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மனோட வயலின். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'ல பாக்கோட வயலின் பார்ட்டிட்டா ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும், அது மேல நம்ம கமகம் வந்து உக்காரும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காது. கலப்பு இசைன்னு பேர் வச்சுக்கிட்டு பல பேர் பண்றது, மாவுல மேலாக சீனி தூவுற வேலை. இது கூடவே அரைச்ச மாவு. இந்த ரெண்டையும் அடுத்தடுத்த நாள் கேக்கணும். மெஷினும் வயலினும் ஒரே கைக்கு அடங்கினது அப்பத்தான் புரியும்.

அப்புறமா 'அன்னக்கிளி'க்கும் பாரதிராஜாவோட '16 வயதினிலே'க்கும் (1977) திரும்பிப் போகலாம். இப்போ அந்தக் கிராமத்து மெட்டுக்கு அடியில என்ன நடக்குதுன்னு காது தானா தேடும். ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசிச்ச 'நத்திங் பட் விண்ட்' (1988) ஒரு மழை நாளைக்கு. புடாபெஸ்ட் இசைக்குழு வாசிச்ச 'திருவாசகம்' (2005) கடைசி. அதுல முதல்ல நுழைஞ்சா மிரண்டுடுவாங்க. 1993-ல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக்கோட பதிவு பண்ணின சிம்பொனி வெளிய வராமலே போச்சு. 2025 மார்ச் 8-ல் அதே ராயல் பில்ஹார்மோனிக் லண்டன் மேடையில 'வேலியண்ட்' வாசிச்சப்போ எங்க தெருவுல ரெண்டு வீட்டுல வெடி போட்டாங்க. சிம்பொனின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியுமாங்கிறது வேற விஷயம்.

எல்லாத்தையும் கேட்டுட்டு பய ஒரே கேள்விதான் கேட்டான்: "அந்த அண்ணன் தம்பி பேண்டோட ஆல்பம் எங்க மாமா?"

எங்க வீட்டு கேசட் பெட்டியில எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் நேரா தாத்தாகிட்ட போனான். அப்பா சின்ன வயசுல உத்தமபாளையத்துல தரையில உக்காந்து பாவலர் பாட்டைக் கேட்டவர். "ஆர்மோனியம் யாரு தாத்தா வாசிச்சாங்க?"ன்னான்.

"அதை யாருடா பாத்தா, பாட்டைத்தானே கேட்டோம்"னுட்டு தொடையில தாளம் போட்டுக் காட்டினார். பய போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணிக்கிட்டான்.