'மே' என்ற வினையும் ஆட்சிமொழிச் சட்டமும்

ஆங்கிலத்தில் 'மே' என்ற துணைவினை விருப்பத்தைச் சுட்டும், 'ஷல்' என்ற துணைவினை கட்டாயத்தைச் சுட்டும் என்பதே சட்டம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் பெறும் பாடம். இந்தப் பாடம் பாதி உண்மையே. எஞ்சிய பாதியை விளக்குவதற்கு இந்திய ஆட்சிமொழிச் சட்டத்தின் வரலாற்றை விடப் பொருத்தமான சான்று அரிது.

அரசமைப்பின் 343ஆம் உறுப்பு இவ்விரு வினைகளையும் அடுத்தடுத்து ஆள்கிறது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒன்றியத்தின் அலுவல்களில் ஆங்கிலம் தொடரும் என்று கூறுமிடத்தில் 'ஷல்' வருகிறது. அக்காலம் முடிந்த பின்னர் ஆங்கிலப் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வழி வகைசெய்யலாம் என்னுமிடத்தில் 'மே' வருகிறது. முன்னது உறுதி, பின்னது அதிகாரம். 1965க்குப் பின் ஆங்கிலம் நிலைக்குமா என்ற வினா இந்த இடைவெளியில் பிறந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று பிரதமர் நேரு 1959இல் மக்களவையில் வாக்களித்தார்.

அவ்வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் தருவதாகக் கூறி, உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி 1963 ஏப்ரலில் ஆட்சிமொழி மசோதாவை அறிமுகப்படுத்தினார். 15 ஆண்டுக் காலம் முடிந்த பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அதன் 3ஆம் பிரிவு. அங்கே அமர்ந்திருந்த வினை 'மே'. தமிழின் 'தொடரலாம்' என்ற சொல்லைப் போலவே அதுவும் 'தொடராமலும் போகலாம்' என்பதற்கு இடமளித்தது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த சி.என். அண்ணாதுரை அவ்விடத்தில் 'ஷல்' வேண்டுமென வற்புறுத்தினார். இந்தச் சூழலில் இரண்டிற்கும் பொருள் ஒன்றே என்பது நேருவின் மறுமொழி. பொருள் ஒன்றேயெனில் 'ஷல்' என்றே எழுதுவதில் தடையென்ன என்பது அண்ணாவின் எதிர்வினா. மசோதா சொல் மாறாமலே சட்டமாயிற்று.

நேருவின் வாதத்துக்குச் சட்ட மரபில் ஆதாரம் இல்லாமலில்லை. 1880இல் ஆக்ஸ்போர்டு பேராயர் தொடர்பான ஜூலியஸ் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு நெறியை வகுத்தது. அனுமதிச் சொற்கள் தம்மளவில் அதிகாரத்தை மட்டுமே தரும். ஆயினும் அவ்வதிகாரத்தின் நோக்கமும், அது யாருடைய நலனுக்காகத் தரப்பட்டது என்பதும் அதைக் கடமையாக மாற்றக்கூடும். மறுபுறம், 'ஷல்' என்று எழுதிவிட்டாலே கட்டாயம் உறுதியாகிவிடும் என்பதற்கும் இல்லை. 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கக் கூறும் 320ஆம் உறுப்பில் 'ஷல்' இருந்தும், அது கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே சட்டத்தில் இவ்வினைகளின் பொருள் அகராதியில் முடிந்துவிடுவதில்லை; சூழலை நோக்கி யாரோ ஒருவர் அதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அண்ணாவின் வினாவின் வலிமை இலக்கணத்தில் இல்லை. அந்த 'யாரோ' யார் என்பதில் இருந்தது. பொருள் கூறியவர் மறைந்தால் பொருளும் மறையாதா? 1964 மே 27 அன்று நேரு காலமானார். 3ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்த 1965 ஜனவரி 26ஐ ஒட்டி மதராஸ் மாநிலத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. தீக்குளித்தும் துப்பாக்கிச் சூட்டிலும் பலர் உயிரிழந்தனர். ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். பிப்ரவரியில் பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் வாக்குறுதியை மீண்டும் உறுதி செய்தார்.

1967ஆம் ஆண்டுத் திருத்தம் செய்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'மே' அகற்றப்படவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது. அதைச் சுற்றி 'ஷல்' வேலியிடப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துடன் ஒன்றியம் ஆங்கிலத்திலேயே தொடர்புகொள்ள வேண்டுமென வரம்புரை சேர்ந்தது. அனைத்திலும் முதன்மையானது ஐந்தாம் உட்பிரிவு: இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அவற்றைப் பரிசீலித்தபின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்வாறே தீர்மானிக்கும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும்.

இதுவும் சாதாரணச் சட்டமே. அதைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரம் அழிந்துவிடவில்லை. எனினும் முடிவு தொடங்க வேண்டிய இடம் மாறியது. 1963இல் டெல்லியின் நல்லெண்ணத்தை நம்பி நின்ற ஒரு வினை, 1967க்குப் பின் சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களில் கூடும் சட்டமன்றங்களின் இசைவைச் சார்ந்து நிற்கிறது. சொல் மாறவில்லை, அதற்குப் பொருள் கூறும் உரிமை இடம் மாறியது.