திசுவில் சாயமேறிய சரித்திரம்

புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு மேற்கே, கோரிமேட்டில், 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வம்சத்தில் வந்து, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்னும் நாமம் பூண்ட ஸ்தாபனம் இருக்கிறது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மார்பில் கட்டியோடு அங்கே வரும் ஸ்திரீகளின் சிகிச்சையை நிர்ணயிப்பதில், ரண வைத்தியரின் கத்திக்கு இணையான பங்கு குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளின் ஒரு துளிக்கு உண்டு. அதன் சரித்திரத்தைச் சொல்ல வேண்டுமென்று எனக்கு வெகுநாள் ஆவல்.

சூலகங்களை அகற்றியதும் மார்புப் புற்று சுருங்கியதை கிளாஸ்கோ நகரத்து பீட்ஸன் 1896-இல் எழுதியபோது, அதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பை சில உயிரணுக்கள் மட்டுமே பற்றிக்கொள்கின்றன என்பதையும், பற்றிக்கொள்வது அவற்றிலுள்ள ஏற்பிப் புரதமே என்பதையும், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கமூட்டிய ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு நிலைநாட்டினார். ஆனால் அந்தப் பரீட்சைக்கு வெட்டியெடுத்த சதையை உடனே உறையவைத்து அரைத்தாக வேண்டும். அரைத்துவிட்டாலோ, ஏற்பி இருந்தது புற்றணுவிலா, அண்டையிலிருந்த நல்ல அணுவிலா என்று கண்ணால் காண வழியில்லை.

கண்ணால் காணும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைப் பூட்டிக் காட்டினார். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற எதிர்ப்பொருள்களை வற்றாமல் சுரக்கும் உயிரணுக்களை உருவாக்கினார்கள். 1980-இல் ஜெஃப்ரி கிரீனும் ஜென்சனும் அம்முறையால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கே எதிர்ப்பொருள் சமைத்தார்கள். இருந்தும், ஆஸ்பத்திரிகள் தொன்றுதொட்டுச் செய்துவந்தபடி ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் புதைத்த திசுவில், ஏற்பி மறைந்தே கிடந்தது. புரதத்துக்கு வெப்பம் ஜன்ம சத்துரு என்று சாஸ்திரம் நம்பியிருந்த காலத்தில், அத்திசுவைத் துணிந்து மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்கவைத்து, மறைந்ததை மீட்கலாம் என்று 1991-இல் ஷான்-ரோங் ஷியும் சகாக்களும் வெளியிட்டார்கள். இந்த வரலாற்றில் நான் தலைசிறந்ததாக மதிப்பது இதைத்தான்; ஏனெனில் உறைபனிப் பெட்டியும் கதிரியக்கக் கூடமும் இல்லாத ஊரின் நோயாளிக்கும், தபாலில் அனுப்பக்கூடிய ஒரு மெழுகுக் கட்டியால் ஏற்பியைக் காணும் பரீட்சை கைக்கெட்டியது.

நாலு மைக்ரான் கனத்தில் சீவிய திசுவைக் கண்ணாடியில் ஒட்டி, மெழுகைக் கரைத்து, கொதிக்கவைத்து, எதிர்ப்பொருளையும் என்சைமையும் பின்னர் சாயப்பொருளையும் இட்டால், ஏற்பியுள்ள அணுக்களின் உட்கரு பழுப்பேறும். இல்லாதவை பின்னணிச் சாயத்தின் நீலத்தோடு நிற்கும். நூற்றுக்கு ஒரு புற்றணுவேனும் பழுப்பேறியிருந்தால், ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை யோசிக்கலாம் என்பது 2010-இல் அமெரிக்க நிபுணர்கள் வகுத்த விதி. எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. ஆகவே ஏற்பி தென்படுமா என்பது, ஆபரேஷன் அறையில் புட்டியை ஏந்தி நிற்கும் ஊழியரின் கவனத்திலிருந்தே தொடங்குகிறது.